மூன்று மடங்கு மணல்

தக்கலையில் நான் பேசிய முதல் முழு வாக்கியத்துக்காக, வாயிலிருந்த கருப்பட்டித் துண்டை அப்படியே விழுங்க வேண்டியிருந்தது. அது மூன்றாம் நாள். முந்திய இரண்டு நாள்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தவள். பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். ஒரே செய்யுள் இரண்டு ஓலைச்சுவடிகளில் இரண்டு விதமாக இருந்தால் எந்தப் பாடம் மூலமானது என்று தேடுவது என் ஆய்வு. குவாண்டம் கணினிகளுக்கும் எனக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு கையேடு. அந்தக் கணினிகள் தரும் விடைகளில் ஏறும் பிழைகளைக் குறைப்பதற்கென்று, பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு திறமூல மென்பொருளை எழுதி வருகிறார்கள். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம், சரியாக இருந்தால் பராமரிப்பாளர்கள் சேர்த்துக்கொள்வார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. புதிதாக வருபவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்க ஆள் தேவை என்று அவர்கள் அறிவித்திருந்ததைக் கண்டு, நான் செய்கிறேன் என்று எழுதினேன். கண்காணாத ஊரில், தக்கலை என்ற இடத்தில், ஒரு சிறு குழு என் தமிழை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்பதே பிறகுதான் தெரிந்தது. அவர்கள்தான் அழைத்தார்கள். “ஒரு வாரம் வந்து இருங்க. ஒங்க கையேட்ட நாங்க வாசிக்கிறத நீங்க பாக்கணும்” என்று குரல் பதிவு வந்தது. வாசிப்பதை ஏன் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது எனக்கு எளிதல்ல.

நாகர்கோவிலில் பேருந்து ஏறும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். பாதி விளங்கியது, மீதியை முகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். மருமகள் வைக்கும் மீன்கறியில் மீன் ஒன்றுதான் ருசி என்றாள் ஒருத்தி. அது கடல் வைத்த ருசி, அதில் அவளுக்குப் பங்கில்லை என்றாள் மற்றவள். இருவரும் சிரித்தார்கள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். வெளியே வாழைத்தோட்டமும் குளமும் தேவாலயக் கோபுரமும் மாறி மாறி வந்தன. எங்கள் ஊரில் பனை நிற்கும் இடமெல்லாம் இங்கே தென்னை நின்றது. பச்சை இவ்வளவு அடர்த்தியாக இருக்க முடியும் என்று நான் எண்ணியதில்லை, கண் கூசியது. தக்கலை எப்போது வரும் என்று நடத்துநரிடம் கேட்கலாமா என்று மூன்று தடவை நினைத்து, மூன்று தடவையும் விட்டுவிட்டேன். பேருந்து கடைசியாக நின்று எல்லோரும் இறங்கிய இடம் மார்த்தாண்டம்.

நடத்துநர் என் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தார். “தக்கலைக்கு டிக்கெட் எடுத்துட்டு மார்த்தாண்டத்துல எறங்கி எங்க போறிய? வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்த கேக்கப்பிடாதா மக்கா?”

“மன்னிக்கவும். விளங்கேல்லை” என்றேன்.

“சிலோனா?” என்றார் உடனே. சென்னையில் என் பேச்சைக் கேட்டவர்கள் மலையாளியா என்று கேட்டிருக்கிறார்கள். இங்கே அந்தத் தவறு நடக்காது. மலையாளம் பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறது. அவர் எதிர்ப்பக்கம் புறப்பட்ட பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, அதன் நடத்துநரிடம் என்னை ஒப்படைத்தார். “இந்தப் பிள்ளைய தக்கலையில எறக்கி விடு. அது கேக்காது கேட்டியா, நீதான் சொல்லணும்.”

குழு கூடும் இடம் ஒரு டயர் கடைக்கு மேலே உள்ள நீண்ட அறை. பத்து நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, நான்கு மடிக்கணினிகள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை லேசாக நடுங்கும். குழுவை நடத்துபவர் சுபா. முப்பதைக் கடந்தவர், தோஹாவில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சாயாவும் பழம்பொரியும் வரவழைத்தார். எங்கள் வீட்டில் வாழைப்பழம் சோற்றுக்குப் பின் உரித்துச் சாப்பிடும் பண்டம். இங்கே அதை மாவில் தோய்த்துப் பொரித்து, சுடச்சுடக் காகிதத்தில் வைத்துத் தருகிறார்கள். இரண்டு தின்றேன். மூன்றாவதை யாராவது நீட்டுவார்களா என்று பார்த்திருந்தேன்.

“இங்க ஒரு சட்டம் உண்டு” என்றார் சுபா. “கையேடு எழுதுனவங்க, வாசிக்கிற ஆளுக்குப் பின்னால இருக்கணும். வாசிக்கிறவங்க ஒரக்க வாசிச்சு, அதுல உள்ளபடி செய்வாங்க. தடுமாறுனாலும் செரி, தப்பாச் செஞ்சாலும் செரி, எழுதுனவங்க ஒண்ணும் பறையப்பிடாது. நாளைக்கு வேற எங்கயோ இருந்து ஒருத்தி வாசிப்பா. அவளுக்குப் பின்னால போயி நீங்க நிக்க முடியாதுல்லா?”

சட்டத்தைக் காக்க ஒரு கருவியும் இருந்தது. பெபின் என்ற இளைஞன் ஒரு தகர டப்பாவைத் திறந்தான். உள்ளே நெல்லிக்காய் அளவுக் கருப்பட்டித் துண்டுகள். எழுதியவர் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். அது கரையும்வரை வாய் திறக்கக் கூடாது. கரைந்துவிட்டால் அடுத்தது. “நான் எழுதுனத மத்தவங்க வாசிச்சப்பம் என்னால நாலு நிமிசம் சும்மா இருக்க முடியல்ல. அப்பம் கண்டுபிடிச்சதுதான் இது” என்றான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “இந்த அக்காவுக்குக் கொடுத்தா கருப்பட்டி வேஸ்டு. வந்ததுலேருந்து ஒண்ணும் பறையல்ல” என்றான்.

நாங்கள் பனங்கட்டி என்போம். சுவை ஒன்றுதான், இங்கே புகைமணம் சற்றுத் தூக்கல்.

வாசிக்கப்போகிறவள் ஜெனிஷா. இருபது வயது, பாலிடெக்னிக் முடித்தவள், மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து தினமும் வருபவள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். அவளும் என்னைப் போலப் பேசாதவள் என்று மகிழ்ந்தேன். படியிறங்கும்போது சுபா அதைத் திருத்தினார்.

“அவ இப்படி இருக்க மாட்டா. ஆறு வாரம் இருந்து நிரல்ல ஒரு பகுதி எழுதுனா. அப்பம் நான் ஊருல இல்ல, அவளே அனுப்பிட்டா. திரும்பி வந்திட்டு. ‘இந்த முறையின் அடிப்படையே பிடிபடவில்லை, கையேட்டை மறுபடி படியுங்கள்’னு பதில். அவ படிச்சா, எத்தன தடவையோ. ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேட்டா வாய் தொறக்க மாட்டா. ‘எனக்கு இதுக்கு உள்ள மூள இல்லக்கா’ன்னு ஒரே பேச்சு. வாற சனிக்கிழமையிலேருந்து வடசேரியில ஒரு மொபைல் கடைக்கு வேலைக்குப் போறா. போவட்டு, நல்லதுதான். ஆனா தன்ன முட்டாளுன்னு நெனச்சுட்டுப் போறா பாத்தியளா, அதுதான் தாங்கல்ல. எங்க சறுக்குனான்னு பாக்கத்தான் அவளையே வாசிக்கச் சொன்னேன்.”

இரண்டாம் நாள், கையேட்டின் முதல் மூன்று படிகளை வாசித்தோம். அதாவது, ஜெனிஷா வாசித்தாள். நான் அவளுடைய பின்னலுக்குப் பின்னால் கருப்பட்டியோடு உட்கார்ந்திருந்தேன். நம் வாக்கியத்தை இன்னொருவர் தயங்கித் தயங்கி வாசிப்பதைக் கேட்பதுபோல் ஒரு தண்டனை இல்லை. ‘மேற்கூறியவாறு நிறுவப்பெற்ற பின்னர்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் அவள் மூன்று தடவை மூச்சு வாங்கினாள். எங்கே தடுக்குகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் படியில் உண்மையான குவாண்டம் கணினிக்கு ஒரு கணக்கை அனுப்ப வேண்டும். அந்தக் கணினி வேறொரு கண்டத்தில், விண்வெளியைக் காட்டிலும் குளிரான ஒரு கலத்துக்குள் தொங்குகிறது. ஜெனிஷா ஒரு விசையை அழுத்தினாள். வரிசையில் எங்கள் முறை வரக் காத்திருந்தோம். மழை வலுத்தது, கீழே யாரோ லாரிச் சக்கரத்தைக் கழற்றினார்கள், பெபின் இரண்டாம் சாயா குடித்தான். திரையில் பட்டைகள் எழுந்தன. ஒரே சின்னக் கணக்கை ஆயிரம் தடவை கேட்டிருந்தோம். விடை எப்போதும் ஒன்றாகவே வர வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் வந்தது. ஆனால் பக்கத்தில், வரவே கூடாத விடைகளுக்கும் சின்னச் சின்னப் பட்டைகள் முளைத்திருந்தன.

“அதுதான் பிழை” என்றார் சுபா. அந்தக் கணினியின் நினைவு கியூபிட் எனப்படும் நுண்ணிய உறுப்புகளில் இருக்கிறது. எட்டிப்பார்க்கும் ஒரு துளி வெப்பம், எங்கிருந்தோ வரும் ஒரு மெல்லிய அதிர்வு போதும், அவை தடுமாறிவிடும்.

“அத்தன குளிருல வச்சும் இத்தன தப்பு. தக்கலை வெயிலுல விட்டா என்ன ஆவும்?” என்றான் பெபின்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறிய பட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூமியின் மறுபுறத்தில் ஏதோ ஒன்று ஆயிரம் தடவை எங்களுக்காக முயன்று, சில தடவை தவறி, தவறியதையும் மறைக்காமல் அனுப்பியிருக்கிறது. தவறைக் கழுவித் தராமல் தவறாகவே தருகிற சாட்சியை நான் ஓலைச்சுவடிகளில்கூடக் கண்டதில்லை.

மூன்றாம் நாள் நான்காம் படி.

அந்த வரியை நான் நன்றாக நினைவில் வைத்திருந்தேன். ஆங்கில மூலத்தில் ‘அடுத்து, பிழையை மூன்று மடங்காக்குக’ என்ற பொருளில் இருந்தது. பிழையைக் குறைப்பதற்காக எழுதப்பட்ட கையேட்டில் பிழையைப் பெருக்கச் சொல்வதாவது! எழுதியவரின் கைத்தவறு என்று முடிவு கட்டினேன். கேட்டிருக்கலாம். கேட்பதற்கென்றே அந்தத் திட்டத்தில் ஒரு பொதுப்பக்கம் உண்டு. நூற்றுக்கணக்கான அந்நியர்கள் வாசிக்கும் பக்கம். நான் கேட்கவில்லை. திருத்தினேன். அந்தத் திருத்தம் பற்றி எனக்கு ஒரு சிறிய பெருமைகூட இருந்தது.

“அடுத்து, பிழையை மூன்றிலொரு பங்காக்குக” என்று ஜெனிஷா வாசித்தாள். வாசித்துவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். “இங்கதான்.”

“இங்க என்ன?” என்றார் சுபா.

“எப்படி ஆக்கணும்னு இதுல இல்ல. அதக் கண்டுபிடிச்சு எழுதுறதுதான் பயிற்சின்னு போட்டிருக்கு. நானா யோசிச்சேன். கணக்குல உள்ள படிகள ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டேன். படி கொறஞ்சா பிழையும் கொறையும்லா?”

“எடுத்துப் போட்டா கணக்கே மாறிருமே, மக்கா.”

“தெரியும்க்கா. ஆனா எழுதியிருக்கே.” அவள் குரல் தாழ்ந்தது. “எழுதுனவங்களுக்குத் தெரியாம இருக்குமா? வழி இருக்கும், எனக்குத்தான் தெரியல்லன்னு நெனச்சேன். கேட்டா சிரிப்பியன்னு கேக்கல்ல.”

பெபின் தன் மடிக்கணினியில் ஆங்கிலக் கையேட்டைத் திறந்தான். நெற்றியைச் சுருக்கினான். “ஏட்டி, இங்கிலீசுல மூணு மடங்குன்னுல்லா கெடக்கு?”

கீழே காற்றடிக்கும் இயந்திரம் தொடங்கியது. தரை நடுங்கியது. “இரு, யாரு மாத்துனதுன்னு வரலாற்றுல இருக்கும்” என்றார் சுபா. திறமூலத் திட்டங்களில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரலாறு உண்டு. யார் எழுதினார், யார் எப்போது எதை எதுவாக மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும். அவர் அதற்கான இணைப்பை அழுத்தினார். மழையில் இணையம் தவழ்ந்தது. திரையின் நடுவே சிறிய வட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

கருப்பட்டி பாதிதான் கரைந்திருந்தது. சட்டம் என் பக்கம் இருந்தது. நான் பேசக் கூடாது. பக்கம் திறந்து என் பெயர் வந்தால் சுபா கண்ணியமாகக் கடந்துவிடுவார், எனக்குத் தெரியும். நானும் வியந்ததுபோல் ஒரு முகம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜெனிஷாவும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரமாக அவள் தேடிய விடை ஒரு வட்டத்துக்குள் சுழல்வதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கினேன். தொண்டையை உரசிக்கொண்டு இறங்கியது.

“அது நான் மாத்தினது” என்றேன். “மூலத்தில பிழை எண்டு நினைச்சன். ஒருத்தரையும் கேக்கேல்லை. உங்களுக்கு விளங்காமல் போகேல்லை, ஜெனிஷா. நான் பிழையா எழுதினதை நீங்கள் சரியாச் செய்திருக்கிறீங்கள்.”

அதன் பிறகுதான் பக்கம் திறந்தது. என் முழுப்பெயர் அங்கே இருந்தது. அதற்குச் சொல்ல எதுவும் மிச்சமிருக்கவில்லை.

ஜெனிஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று என்னால் வாசிக்க முடியவில்லை. மடிக்கணினியை மூடினாள். குடையை எடுத்தாள். “எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள். பெபின் கருப்பட்டி டப்பாவை மூடினான்.

சுபா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பலகையருகே போய் மூன்று புள்ளிகள் வைத்தார். முதல் புள்ளி, இயல்பான பிழையோடு வந்த விடை. இரண்டாவது, பிழையை மூன்று மடங்காக்கியபோது வரும் விடை. அது உண்மையிலிருந்து இன்னும் விலகியிருக்கும். மூன்றாவது, ஐந்து மடங்கில்; இன்னும் விலகியிருக்கும். “இந்தக் கணினியில பிழைய நம்மளால கொறைக்க முடியாது. கூட்டத்தான் முடியும். அதனால கூட்டுறோம். கூட்டக் கூட விடை எப்படி விலகுதுன்னு பாக்கோம். பெறவு...” மூன்று புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு ஒரு கோடு இழுத்தார். முதல் புள்ளியோடு நிறுத்தாமல் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போய், பிழை சுழியாகும் இடத்தில் நிறுத்தினார். “இங்க எந்த மிசினும் நின்னது கிடையாது. ஆனா விடை இங்கதான் எங்கயோ இருக்கு.”

அந்தக் கோட்டின் முனையை நான் நெடுநேரம் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. பிழையில்லாத இடத்துக்குப் பாதை கிடையாது. பிழைக்குள் மேலும் மேலும் நடந்து, நடந்த தடத்தைப் பார்த்து, போகமுடியாத இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

விடுதிக்குத் திரும்பும்போது வேறொன்றும் உறைத்தது. பாடபேத ஆய்வில் நாங்கள் முதலில் படிக்கும் பாடம்: இரண்டு பாடங்களில் எளிதாகப் பொருள்படுவதை உடனே நம்பாதே, விளங்காததை விளங்குவதாக மாற்றியது ஏடெழுதியவன் கையாக இருக்கலாம். அப்படி மாற்றியவர்களைப் பற்றி என் ஆய்வேட்டில் காரமாக ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். ஒரே வேறுபாடு, அவர்களுக்குப் பெயர் இல்லை.

நான்காம் நாள் மணவாளக்குறிச்சிக்குப் போனேன். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டேன். நடுவழியில் மறுபடி கேட்டேன். திங்கள்சந்தை தாண்டியதும் இன்னொரு தடவை கேட்டபோது, “எறக்கி விடுவேன், பேசாம இரி” என்று அதட்டினார். எனக்கு அது பெரிய பாராட்டாகப் பட்டது.

ஜெனிஷாவின் வீடு தேவாலயத்துக்குப் பின்புறச் சந்தில். அவள் அம்மா செலின் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அலுமினியச் சட்டியைக் கழுவிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எனக்க மவள அழவச்சது நீங்கதானா?”

“ஓம்” என்றேன்.

“செரி. இரிங்க. சோறு திங்கியளா, கெழங்கு திங்கியளா?”

மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும் வந்தன. கிழங்கை நாங்கள் மரவள்ளி என்போம். தேங்காய்ப்பால் விட்டுச் சமைப்போம். இங்கே வேகவைத்து மசித்து, மேலே கறியை ஊற்றிவிடுகிறார்கள். தேங்காய் அரைத்த குழம்பு, மாங்காய்ப் புளிப்பு, சிவந்த எண்ணெய். கண்ணில் நீர் வந்தது, உறைப்பினால்தான். “ஏட்டி, வந்து இரி. மனுசி கடல் தாண்டி வந்திருக்கு. மொகத்த எத்தன நேரம் தூக்கி வச்சிருப்ப?” என்று செலின் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஜெனிஷா வந்து உட்கார்ந்தாள். என் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

சாப்பிட்ட பிறகு இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். அந்த மணலை எங்கும் கண்டதில்லை. வெள்ளை மணலின் மேல் யாரோ கரியும் செம்பும் அரைத்துத் தூவியதுபோல் கருமையும் சிவப்பும் பட்டை பட்டையாக ஓடியது. அதில் கனிமம் இருக்கிறது. பக்கத்தில் அரசு ஆலையில் பிரித்தெடுக்கிறார்கள் என்றாள். அலை அடித்தபோது கரை முழுவதும் மினுங்கியது. ஈரக்காலில் ஒட்டினால் விடாத மணல்.

“ஆறு வாரம், அக்கா” என்றாள்.

“ஓம்.”

“அம்மையிட்ட சொன்னேன், நான் மண்டுன்னு. ஊருக்கே சொன்னேன்.”

கரையேற்றியிருந்த ஒரு வள்ளத்தின் அருகே போய் நின்றோம். சுபா பலகையில் வரைந்ததைச் சொன்னேன். கோடு பின்னோக்கிப் போனதைச் சொன்னேன். அவள் உற்றுக் கேட்டாள். “செரி, மூணு மடங்காக்கணும். கணக்கு மாறாம எப்படி ஆக்குவிய?” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போது ஒரு நிம்மதி இருந்தது.

மழை இருட்டியது. குடையைச் சாலையோரத் திண்டில் விட்டு வந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வள்ளத்தருகே திரும்பி வந்தாள். குடையை விரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தன் கால்களைப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

“நாம ரெண்டுபேரும் ஒரே எடத்துலதான நிக்கோம்?”

“ஓம்.”

“எனக்க காலப் பாருங்க.”

என் பாதத்தில் மெல்லிய பூச்சாக இருந்த மணல் அவளுக்குக் கணுக்கால்வரை அப்பியிருந்தது.

“நீங்க ஒரு தடவ வந்திய. நான் வந்தேன், திரும்புனேன், மறுபடி வந்தேன். எடம் மாறல்ல. மண்ணு மட்டும் மூணு மடங்கு.” பேச்சு வேகமெடுத்தது. “படிய எடுக்கவே பிடாது, அக்கா! ஒரு படியச் செய்யணும், செஞ்சத அவுக்கணும், மறுபடி செய்யணும். குவாண்டத்துல எந்தப் படியையும் அவுக்கலாம்லா? கணக்கு நிக்கிற எடத்துலயே நிக்கும். பிழை மட்டும் ஏறும்!”

மழை விழத் தொடங்கியது. குடை அவள் கையில் மடங்கியே இருந்தது. நாங்கள் நனைந்தோம். நான் அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தின் மூலையில் ஒரு குளிர்ந்த கலத்துக்குள் நடக்க வேண்டிய ஒன்று, இந்தக் கரிய மணலில், என் கண்ணெதிரே நடந்து முடிந்திருந்தது.

“ஒங்க வரிய நான் திருத்தட்டா?” என்று கேட்டாள்.

“நீங்கள்தான் திருத்த வேணும். என்ர பேர் கீழ வரலாற்றில கிடக்கட்டும்.”

மறுநாள், வெள்ளிக்கிழமை, அவள் தன் பழைய நிரலைத் திறந்தாள். எறிய வேண்டியது அதிகம் இல்லை. கணக்கின் படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும் பகுதி அப்படியே உதவியது. எடுத்தெறிந்த இடத்தில் மட்டும் அவிழ்த்து மறுபடி செய்யுமாறு எழுதினாள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. இயல்பான பிழையோடு, மூன்று மடங்கில், ஐந்து மடங்கில் என்று தொலைவிலிருந்த கணினிக்கு மூன்று தடவை அனுப்பினோம். மூன்று புள்ளிகளும் பலகையில் சுபா வரைந்தது போலவே ஒன்றைவிட ஒன்று விலகி விழுந்தன. கோட்டை நிரல் பின்னோக்கி நீட்டியது. வர வேண்டிய விடையை அது முழுதாகத் தொடவில்லை. ஆனால் முன்பு எந்தப் பட்டையும் வராத அளவுக்கு அருகில் போய் நின்றது. பெபின் எழுந்து நின்றான்.

பிறகு கையேட்டின் நான்காம் படியை எழுதினாள்: ‘அடுத்து, பிழையை மூன்று மடங்காக்குக. குறைப்பதற்காகத்தான் கூட்டுகிறோம்.’ அதற்குக் கீழே கடற்கரையும் குடையும் காலும். ‘மண்ணு’ என்று அவள் எழுதியிருந்ததை ‘மணல்’ என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். “மணலுன்னு இங்க யாரு சொல்லுவா? செரி, போடுங்க. கேட்டுட்டுத்தான போடுதிய” என்றாள். பெபின் மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தான்.

சனிக்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“கடை?” என்றார் சுபா.

“ரெண்டு மணிக்கு மேல வாரேன்னு சொல்லிட்டேன். சம்மதிச்சாங்க. காலம்பற இங்க.”

பராமரிப்பாளர்களிடமிருந்து பதில் வந்திருந்தது. நிரலில் ஒரே ஒரு பெயரை மாற்றச் சொல்லியிருந்தார்கள். வேறு குறை எதுவும் இல்லை. “பேரு மாத்தச் சொன்னா கல்யாணம் ஒறப்பிச்ச மாதிரி” என்றான் பெபின். “மூடுலே” என்றாள் ஜெனிஷா. நான் வந்த பிறகு அவள் யாரையாவது அதட்டியது அதுதான் முதல் தடவை.

அன்று கொட்டாரம் என்ற ஊரிலிருந்து ஒரு மாணவி புதிதாக வந்திருந்தாள். பெயர் விஜி; குவாண்டம் என்ற சொல்லைத் தவிர அதைப் பற்றி எதுவும் அறியாதவள். கையேட்டை அவளிடம் கொடுத்தார்கள். எழுதியவருக்கான நாற்காலியில் ஜெனிஷா உட்கார்ந்தாள். பெபின் டப்பாவை நீட்டினான். அவள் இருப்பதில் பெரிய துண்டாகத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நண்பகலை நெருங்கும்போது விஜி நான்காம் படிக்கு வந்தாள். உரக்க வாசித்தாள். ‘பிழையை மூன்று மடங்காக்குக’ என்ற இடத்தில் நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது. திரும்பி எங்களைப் பார்த்தாள். யாராவது சொல்வார்களா என்று. யாரும் சொல்லவில்லை. எனக்குக் கருப்பட்டி தரப்படவில்லை; நான் பேசியிருக்கலாம். ஜெனிஷா நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்திருந்தாள். அவளுடைய ஒரு கன்னம் உப்பியிருந்தது.

விஜி மீண்டும் திரையைப் பார்த்தாள். அடுத்த வரிகளை வாய்க்குள் முணுமுணுத்தாள். மேசைக்கடியில் அவளுடைய வலக்கால் மெல்ல முன்னால் போயிற்று, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போய் நின்றது.

“ஓ” என்றாள். விரல்கள் விசைப்பலகைக்குப் போயின.

ஜெனிஷா என் பக்கம் திரும்பினாள். கருப்பட்டி இன்னும் கரையவில்லை.